காத்திருந்த இருபத்திரண்டு பேர்

இலண்டன் மாநகரின் தென்பகுதியில், டல்லிச் கல்லூரியில், ஒரு மரப்படகு பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அதன் நீளம் இருபத்திரண்டரை அடி. பெயர் 'ஜேம்ஸ் கெயர்டு'. அக்கல்லூரியில் மாணவராய் இருந்த எர்னஸ்ட் ஷாக்கில்டன் என்பவர், 1916-ஆம் ஆண்டு, உலகின் மிகக் கொடிய கடலை இப்படகில்தான் கடந்தார். அவரோடு ஐவர் இருந்தனர்.

அதன் பிறகு, அதே போன்ற படகுகளைக் கட்டி, அதே கடலில், அதே வழியில் செல்ல முயன்றவர்கள் சிலர் உண்டு. 1993-94-இல் டிரெவர் பாட்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர்தம் தோழர் மூவரும் சென்றனர். 1997-இல் அயர்லாந்து நாட்டவர் ஒரு குழுவாய்ச் சென்றனர். 2000-இல் ஜெர்மானியரான ஆர்வெட் ஃபுக்ஸ் சென்றார். 2013-இல் டிம் ஜார்விஸ் என்பவர் ஐந்து தோழர்களுடன், பழைய உடை, பழைய உணவு, பழைய கருவி என எல்லாவற்றையும் பழைய முறையிலேயே அமைத்துக்கொண்டு சென்றார். ஷாக்கில்டனின் பேத்தியாகிய அலெக்சாண்ட்ரா ஷாக்கில்டனே இப்பயணத்திற்கு அவரைத் தூண்டியவர். அவருடைய பெயரே படகுக்கும் சூட்டப்பட்டது.

இச்செய்தியை அறிந்தபோது நம் உள்ளத்தில் எழுந்தது வியப்பு மட்டுமன்று. ஒரு கேள்வியும் எழுந்தது. ஒருவர் பட்ட துன்பத்தை வேறொருவர் மீண்டும் பட்டுப் பார்க்க முடியுமா? தானே தேடிச் சென்று ஏற்கும் துன்பமும், கேளாமலேயே வந்து தலைமேல் விழும் துன்பமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையா? தவக்காலந்தோறும் நோன்பிருந்து, சிலுவைப்பாதை செய்து, ஆண்டவருடைய பாடுகளில் பங்குகொள்ள விழைகின்ற நமக்கு இது எங்கோ தென்துருவத்தில் கிடக்கும் கேள்வியன்று.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். அண்டார்க்டிகாக் கண்டத்தைக் குறுக்காக நடந்து கடப்பது ஷாக்கில்டனின் திட்டம். 'எண்டியூரன்ஸ்' என்னும் கப்பலில் இருபத்தெட்டுப் பேர் 1914 டிசம்பர் 5 அன்று தெற்கு ஜார்ஜியாத் தீவிலிருந்து புறப்பட்டனர். அடுத்த மாதமே வெட்டல் கடலின் பனிக்கட்டிகள் கப்பலைச் சூழ்ந்து சிறைப்பிடித்தன. மாதக்கணக்கில் பனியின் பிடியில் நெரிந்த கப்பலை 1915 அக்டோபர் 27 அன்று கைவிட்டனர். நவம்பர் 21 அன்று அது மூழ்கிற்று. (2022 மார்ச்சில், ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழத்தில், பெயர் எழுத்துகள்கூட அழியாத நிலையில் அக்கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது.) கப்பலை இழந்தோர் மிதக்கும் பனித்தட்டுகளின் மேல் கூடாரமிட்டுக் காலந்தள்ளினர். பனி உடையவே மூன்று சிறு படகுகளில் ஏறி, 1916 ஏப்ரல் நடுவில் எலிஃபண்ட் தீவை அடைந்தனர். பாறையும் பனியுமாய்க் கிடந்த அத்தீவில் மனிதர் எவரும் இல்லை. எந்தக் கப்பலும் அவ்வழி வருவதில்லை. அங்கேயே இருந்தால் யாரும் தேடி வரப்போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே ஏப்ரல் 24 அன்று, மூன்று படகுகளுள் சற்றுப் பெரியதாகிய 'ஜேம்ஸ் கெயர்டில்' அறுவர் புறப்பட்டனர். ஷாக்கில்டன், கப்பல் தலைவர் பிராங்க் வொர்ஸ்லி, டாம் கிரீன், தச்சர் ஹாரி மெக்னிஷ், ஜான் வின்சென்ட், திமோத்தி மெக்கார்த்தி. சுமார் 800 கடல்மைல் தொலைவிலிருந்த தெற்கு ஜார்ஜியாவின் திமிங்கில வேட்டை நிலையங்களை அடைந்து உதவி கொண்டுவருவதே நோக்கம். எஞ்சிய இருபத்திரண்டு பேர் பிராங்க் வைல்டு என்பவரின் பொறுப்பில் தீவிலேயே தங்கினர்.

படகுக்குள் நீர் ஓயாது புகுந்தது. அலைத் துளிகள் மேலெல்லாம் பனிக்கட்டியாய் உறைந்து, அந்தப் பாரத்தாலேயே படகு அமிழத் தொடங்கியபோது, ஆடும் படகின் மேல் தவழ்ந்து சென்று பனியை வெட்டி எறிய வேண்டியதாயிற்று. கலைமான் தோலால் ஆன படுக்கைப் பைகள் ஊறி அழுகின. அவற்றின் மயிர் உதிர்ந்து உணவிலும் வாயிலும் புகுந்தது. குடிநீர்ப் பீப்பாய் ஒன்றில் கடல்நீர் கலந்துவிட்டது. சூரியனின் உயரத்தை அளந்து இருக்குமிடம் அறிய வேண்டிய வொர்ஸ்லிக்கு, வழி நெடுகிலும் நான்கு முறைதான் சூரியன் முகங்காட்டினான். கணக்கு சிறிதே தவறினாலும் தீவைத் தவறவிட்டு, கரையே இல்லாத பெருங்கடலுக்குள் சென்றிருப்பார்கள். மே 8 அன்று மெக்கார்த்தி நிலத்தைக் கண்டார். ஆயினும் புயல் இடைமறிக்கவே, மே 10 அன்றுதான் கரையேற முடிந்தது. அதுவும் தீவின் தவறான பக்கத்தில்! மனிதர் இருந்தது வடகரையில். இவர்கள் இறங்கியதோ தென்கரையில். நடுவே அதுவரை எவரும் கடந்திராத மலைகள். ஷாக்கில்டன், வொர்ஸ்லி, கிரீன் மூவரும் படகின் திருகாணிகளைக் காலணிகளின் அடியில் பதித்துக்கொண்டு, ஒரு கயிற்றையும் தச்சரின் வாய்ச்சியையும் எடுத்துக்கொண்டு, முப்பத்தாறு மணி நேரம் இடைவிடாது நடந்து, மே 20 அன்று ஸ்ட்ரோம்னெஸ் நிலையத்தை அடைந்தனர்.

இதனைத்தான் பின்வந்தோர் மீண்டும் செய்து பார்க்க விரும்பினர்.

பழைய பயணங்களைத் திரும்பச் செய்வது புதிதன்று. அயர்லாந்தின் புனித பிரெண்டன் தோல் போர்த்திய படகில் மேற்கே நெடுந்தொலைவு சென்றார் என்பது பழைய மரபு. அத்தகைய படகு அட்லாண்டிக் கடலைத் தாங்குமா என்ற ஐயம் கற்றோரிடையே இருந்தது. டிம் செவெரின் என்பார் தோல் படகு ஒன்றைக் கட்டி, 1976-இல் அயர்லாந்தினின்று புறப்பட்டு, மறு ஆண்டு நியூபவுண்ட்லாந்தில் கரையேறினார். புனிதர் அங்குச் சென்றார் என்பதை அது மெய்ப்பிக்கவில்லை; செல்ல முடியும் என்பதை மெய்ப்பித்தது. அங்கே ஒரு கேள்வி இருந்தது, பயணம் அதற்கு விடையாயிற்று. ஷாக்கில்டன் செய்ததிலோ ஐயம் ஏதுமில்லை. சான்று கூறப் படகே இருக்கின்றது. அப்படியிருக்க, நிறுவப்பட்ட ஒன்றை மறுபடியும் உடல் வருந்தச் செய்வது எதற்காக?

'அது பாதுகாப்பான விளையாட்டு. உண்மைத் துன்பமன்று' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடக்கூடும். அவ்வாறு சொல்வது நேர்மையாகாது. இது நகல் படகு என்று கடலுக்குத் தெரியாது. ஜார்விஸின் குழுவினர் நின்றால் நிமிர இடமில்லாத அறைக்குள் ஒருவர்மேல் ஒருவராய் நனைந்து கிடந்தே ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் பயணம் செய்தனர். ஈரமும் குளிருமாய் ஊறி மரத்துப்போகும் பாத நோயால் சிலர் மலையேற முடியாமல் நின்றுவிட்டனர். எஞ்சியோர் பழங்காலத்து உடையுடன் மலையைக் கடந்து ஸ்ட்ரோம்னெஸை அடைந்தனர். அவர்களைத் தொலைவிலிருந்து தொடர்ந்து ஒரு துணைக்கப்பல் வந்தது உண்மையே. ஆயினும் அந்தக் கடலில், இருளில் ஒருவர் தவறி விழுந்தால், துணைக்கப்பல் வந்து சேருமுன் உயிர் பிரிந்துவிடும். அவர்களுடைய அச்சம் நடிப்பன்று.

1997-இல் சென்ற அயர்லாந்துக் குழுவின் கதை இன்னும் கூர்மையானது. அவர்கள் தங்கள் படகுக்கு 'டாம் கிரீன்' என்று தம் நாட்டவரின் பெயரையே சூட்டியிருந்தனர். கடும் புயலில் அப்படகு மும்முறை குடைசாய்ந்தது. அவர்கள் துணைக்கப்பலுக்கு மாறி, தம் படகைக் கடலிலேயே மூழ்கவிட்டனர். பின்னர்த் தெற்கு ஜார்ஜியாவின் மலைகளை நடந்து கடந்தனர். அவர்கள் செய்தது சரியே. ஒரு நினைவுப் பயணத்திற்காகத் தோழரின் உயிரைக் கடலுக்குக் கொடுப்பது வீரமன்று. கடவுள் தந்த உயிரை அவமதிப்பதாகும். அக்குழுத் தலைவர்களை நாம் மெச்சுகின்றோம்.

ஆயினும் வேறுபாடு எங்கே உள்ளது என்பதை இந்நிகழ்ச்சியே நமக்குக் காட்டிவிடுகின்றது. 1997-இல் படகை விட்டுவிடுவது சரியான முடிவாய் இருக்க முடிந்தது. 1916-இல் அவ்வாறு இருந்திருக்க முடியாது. ஏன்? துணைக்கப்பல் இல்லை என்பதனால் மட்டுமா? துணைக்கப்பல் ஒன்று தற்செயலாய் எதிர்ப்பட்டு அறுவரையும் ஏற்றிக்கொண்டிருந்தாலும் ஷாக்கில்டனின் பயணம் முடிந்திராது. எலிஃபண்ட் தீவில் இருபத்திரண்டு பேர் இருந்தனர்.

பின்வந்தோர் படகைச் செய்தார்கள். உடையை நெய்தார்கள். உணவைக் கூட அக்காலத்து முறைப்படி ஆக்கினார்கள். அந்த இருபத்திரண்டு பேரை மட்டும் அவர்களால் செய்ய முடியவில்லை. யாராலும் செய்ய முடியாது. பயணத்தின் முடிவு எங்கே வைக்கப்படுகின்றது என்று பாருங்கள். நினைவுப் பயணங்கள் ஸ்ட்ரோம்னெஸில் முடிகின்றன. அங்கே கைகுலுக்கி, படமெடுத்துக்கொண்டு, மகிழ்ந்து திரும்பலாம். ஷாக்கில்டனுக்கோ ஸ்ட்ரோம்னெஸ் முடிவன்று. அங்கே வந்து சேர்ந்த மூன்றே நாளில், மே 23 அன்று, கடன் வாங்கிய கப்பலொன்றில் எலிஃபண்ட் தீவை நோக்கிப் புறப்பட்டார். பனி தடுத்துவிட்டது. உருகுவே நாட்டு அரசு தந்த கப்பலில் இரண்டாம் முறை சென்றார். மீண்டும் பனி. 'எம்மா' என்னும் பாய்க்கப்பலில் மூன்றாம் முறை. மீண்டும் தோல்வி. நான்காம் முறை, சிலி நாட்டு அரசு 'யெல்ச்சோ' என்னும் சிறு நீராவிக் கப்பலைத் தந்தது. லூயிஸ் பார்டோ அதன் தலைவர். ஸ்ட்ரோம்னெஸை அடைந்த பின் நூறு நாளுக்கு மேல் கடந்துவிட்டிருந்தன. வீரக்கதைகளில் இப்பகுதி பெரும்பாலும் நான்கு வரியில் முடிந்துவிடும். நமக்கோ, கடலில் பனியை வெட்டி எறிந்த இரவுகளைவிட, துறைமுகம் துறைமுகமாய்க் கப்பல் கேட்டு அலைந்த இந்நாள்களே அம்மனிதரின் உள்ளத்தை அதிகம் காட்டுவனவாய்த் தோன்றுகின்றன.

இங்கே திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகின்றது. தூய பவுல் சென்ற கப்பல் புயலில் சிக்கிப் பதினான்காம் இரவு கரையை நெருங்கியபோது, கப்பலோட்டிகள், நங்கூரம் இறக்கப்போவதாகப் பாசாங்கு செய்து, சிறு படகைக் கடலில் இறக்கித் தப்பிச் செல்ல முயன்றனர். இவர்கள் கப்பலில் இல்லாவிடில் நீங்கள் பிழைக்க முடியாதென்று பவுல் எச்சரிக்கவே, படைவீரர்கள் கயிறுகளை அறுத்துப் படகைப் போகவிட்டனர். சிறு படகில் சிலர், பின்னே பலர்: வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே காட்சிதான். தப்பி ஓடுகிறவனும் உதவி தேடிப் போகிறவனும் கரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே மாதிரியே சிறுத்து மறைவார்கள். எலிஃபண்ட் தீவில் நின்றவர்கள் எதை நம்பிக் கையசைத்தார்கள்? போகிறவர் திரும்புவார் என்பதை நம்பி. அப்படகில் இருந்தவர்கள் அந்த நம்பிக்கையையும் சுமந்து சென்றார்கள். கடலைக் காட்டிலும் கனமான பாரம் அதுவே என்பது நம் எண்ணம்.

துன்பம் தன்னளவில் யாரையும் புனிதராக்குவதில்லை என்பதைத் திருச்சபை நெடுங்காலமாய் அறிந்திருக்கின்றது. பிலிப்பைன்ஸ் நாட்டில், பம்பாங்கா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், புனித வெள்ளியன்று சிலர் தம் கைகால்களில் உண்மையான ஆணிகளை அறைந்துகொண்டு சிலுவையில் தொங்குவது பல்லாண்டு வழக்கம். வேண்டுதலுக்காகவும் நன்றிக்காகவும் அவர்கள் செய்கின்றனர். அவர்களுடைய பக்தியை நாம் இகழ மாட்டோம். ஆயினும் அந்நாட்டு ஆயர்கள் அதனை ஊக்குவிப்பதில்லை. ஆணி உண்மையானது, குருதி உண்மையானது, வலியும் உண்மையானது. எனில் குறை எங்கே? கல்வாரியில் ஆணி மட்டுமா இருந்தது? யாருக்காக என்பதும் இருந்தது. அதனை நகலெடுக்க இயலாது. இயலாது என்பதாலேயே ஆண்டவர் தம் இறுதி இரவில், தாம் படப்போகும் வலியைத் திரும்பப் படும்படி சீடரைக் கேட்கவில்லை. அப்பத்தையும் இரசத்தையும் கொடுத்து, தம் நினைவாகச் செய்யச் சொன்னார். நாம் ஞாயிறுதோறும் பீடத்தைச் சூழ்ந்து நிற்பது நடித்துக் காட்டுவதற்கன்று.

நம் நோன்பையும் இந்த ஒளியில் பார்க்க வேண்டியுள்ளது. வீட்டில் அரிசி இருக்கும்போது ஒருவேளை உண்ணாதிருப்பவர், அரிசி இல்லாமல் உண்ணாதிருப்பவரின் துன்பத்தை அறிந்துகொண்டேன் என்று சொன்னால், அது துணைக்கப்பலோடு கடலுக்குச் சென்றவர் ஷாக்கில்டனை அறிந்துகொண்டேன் என்பதைப் போன்றதே. வயிற்றின் எரிச்சல் ஒன்றாயிருக்கலாம். நாளையும் இல்லை, மறுநாளும் இல்லை, பிள்ளை கேட்டால் கொடுக்க ஒன்றுமில்லை என்ற தாயின் நெஞ்செரிச்சல் நோன்பில் வாராது. எசாயா இறைவாக்கினர் 58-ஆம் அதிகாரத்தில் நோன்பைப் பற்றிப் பேசும்போது, வயிற்றைவிட்டு உடனே அடுத்தவரிடம் போய்விடுகின்றார்: பசித்தவர், வீடற்றவர், உடையற்றவர். யாரோ ஒருவர் மறுகரையில் காத்திருக்கின்றார் என்பதுதான் அவர் கூறும் நோன்பு. அவர் இல்லையெனில் நாம் வெறுமனே பட்டினி கிடக்கின்றோம்.

அப்படியானால் நினைவுப் பயணங்கள் வீண்தானோ? அவ்வாறு கூறிவிட நம் மனம் ஒப்பவில்லை. இரண்டு காரணங்களுண்டு, இரண்டாவதே நமக்குப் பெரிது.

நூல் சொல்லித் தராத சிலவற்றை உடல் சொல்லித் தருகின்றது. ஈரத் துணியோடு ஓர் இரவு படகில் கிடந்தவன், மற்றவரைவிட மெல்லிய குரலில்தான் அந்த அறுவரைப் பற்றிப் பேசுவான். சூழலியல் அறிஞராகிய ஜார்விஸ் தம் பயணத்தில் வேறொன்றையும் எடுத்துக்காட்டினார்: தெற்கு ஜார்ஜியாவின் பனியாறுகள் ஷாக்கில்டன் காலத்திலிருந்து பெரிதும் சுருங்கிவிட்டன. படகையும் உடையையும் மீண்டும் செய்தவர்களுக்கு அந்தப் பழைய பனி கிடைக்கவில்லை. படைப்பின் மீது நம் தலைமுறை செய்துள்ள வேலை அது.

மற்றொன்று, தச்சர் மெக்னிஷைப் பற்றியது. 'ஜேம்ஸ் கெயர்டு' போன்ற ஒரு படகைக் கட்ட முனைகிறவன் முதலில் ஷாக்கில்டனைச் சந்திப்பதில்லை. மெக்னிஷின் கைகளைச் சந்திக்கின்றான். திறந்த சிறு படகாயிருந்ததன் பக்கங்களைப் பலகையால் உயர்த்தியவர் அவர். பனிச்சறுக்கு வண்டியின் கட்டைகளையும் பெட்டி மூடிகளையும் கொண்டு சட்டமமைத்து, விறைத்துப்போன பாய்த்துணியை அதன்மேல் இழுத்துத் தைக்கச் செய்து, மேல்தளம் உண்டாக்கியவர் அவர். கலப்பத்து அடிக்கப் பொருளில்லாதபோது, விளக்குத்திரியை இடுக்குகளில் செருகி, ஓவியர் வைத்திருந்த எண்ணெய் வண்ணத்தையும் சீலின் குருதியையும் பூசி அடைத்தவர் அவர். அந்த மேல்தளம் இல்லையேல் முதல் பெரிய அலையிலேயே கதை முடிந்திருக்கும்.

அவருக்கும் தலைவருக்கும் ஒத்துப்போகவில்லை. கப்பலை இழந்த நாள்களில், இழுத்துச் செல்ல இயலாதவை எனக் கருதி, இளம் நாய்க்குட்டிகளையும், தச்சரின் அன்புக்குரிய பூனையையும் சுட்டுவிடும்படி ஷாக்கில்டன் ஆணையிட்டார். அதை மெக்னிஷ் மன்னிக்கவே இல்லை. அவ்வாண்டு டிசம்பரில், பனியின்மேல் படகுகளை இழுத்துச் செல்லும் கொடிய வேலையின் நடுவே, கப்பலே மூழ்கியபின் ஆணைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று அவர் எதிர்த்து நின்றார். அதை ஷாக்கில்டன் மன்னிக்கவில்லை. சிறு படகில் மெக்னிஷையும் வின்சென்டையும் ஷாக்கில்டன் அழைத்துச் சென்றதே, பின்னே விட்டால் மற்றவர் மனத்தைக் கலைப்பர் என்று அஞ்சித்தான் எனக் கருதுவோர் உளர். பயணம் முடிந்து துருவப் பதக்கங்கள் வழங்கப்பட்டபோது, நால்வருக்கு அதனைப் பரிந்துரைக்க அவர் மறுத்துவிட்டார். மெக்னிஷும் வின்சென்டும் அந்நால்வருள் இருவர். ஆறு பேரின் உயிரையும், அவர்கள் வழியாக இருபத்திரண்டு பேரின் உயிரையும் காத்த மேல்தளத்தைச் செய்தவருக்குப் பதக்கம் இல்லை! நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில், வறியோர் இல்லத்தில் ஒதுங்கி வாழ்ந்து, 1930-இல் அவர் இறந்தார். 2004-இல் அவர் கல்லறையின்மேல் அந்தப் பூனையின் வெண்கலச் சிலை ஒன்று வைக்கப்பட்டது.

நூறு பேரைக் காக்கத் தன்னைக் கொடுப்பவர் ஒருவரை மன்னிக்க முடியாதவராய் இருக்கக்கூடும். நாம் இதை ஷாக்கில்டனைக் குறைத்துப் பேசுவதற்காக எழுதவில்லை. நம் பங்குகளிலும் இல்லங்களிலும், ஊருக்கெல்லாம் உழைத்துவிட்டு உடன்பிறந்தவனோடு பேசாதிருப்போர் இல்லையா? நினைவுப் பயணம் செய்தவர்கள் தாம் அறிந்தோ அறியாமலோ அந்தத் தச்சருக்கு ஒரு நீதி செய்தார்கள். அவருடைய தளத்தின் அடியில் படுத்துக் கிடந்தவன், அவருக்குப் பதக்கம் தகுமா தகாதா என்று வழக்காட மாட்டான்.

இன்னும் ஒன்றையும் சேர்த்தே நினைக்க வேண்டும். 'தம் ஆட்களுள் ஒருவரைக்கூட இழக்காத தலைவர்' என்று ஷாக்கில்டனைப் போற்றுவது வழக்கம். எண்டியூரன்ஸ் கப்பலைப் பொறுத்தமட்டில் அது உண்மை. ஆனால் அதே பயணத்தின் மறுபாதி அண்டார்க்டிகாவின் எதிர்ப்பக்கத்தில், ராஸ் கடற்கரையில், நடந்துகொண்டிருந்தது. கண்டத்தைக் கடந்து வரப்போகும் ஷாக்கில்டனுக்காக வழியெங்கும் உணவு சேமித்து வைப்பது அங்கிருந்தோரின் பணி. அவர்களுடைய கப்பல் புயலில் அடித்துச் செல்லப்பட்டது. பத்துப் பேர் கரையில் சிக்கிக்கொண்டனர். ஆயினும், வருகிறவர் பட்டினியால் சாவாரே என்று எண்ணி, நோயோடும் பசியோடும் நூற்றுக்கணக்கான மைல் வண்டியிழுத்து உணவை வைத்துவிட்டனர். அக்குழுவின் ஆன்மிகக் குருவாயிருந்த ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர் ஆர்னால்டு ஸ்பென்சர்-ஸ்மித், சத்துக்குறை நோயால் நடக்க முடியாதவராகி, தோழர்கள் வண்டியில் வைத்து இழுத்து வர, 1916 மார்ச் 9 அன்று வழியிலேயே உயிர் நீத்தார். ஈனியஸ் மெக்கின்டாஷ், விக்டர் ஹேவர்டு என்னும் இருவர் மே 8 அன்று மெல்லிய கடற்பனியின்மேல் நடந்து சென்றனர், திரும்பவில்லை. சிறு படகிலிருந்து மெக்கார்த்தி நிலத்தைக் கண்ட அதே தேதி அது.

அவர்கள் வைத்த உணவை உண்ண ஷாக்கில்டன் வரவே இல்லை. வரமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது. வாராத ஒருவருக்காக வைக்கப்பட்ட அந்த உணவு வீண் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அங்கேயும் மறுகரையில் ஒருவர் காத்திருப்பதாகவே அவர்கள் எண்ணினர். அந்த எண்ணத்தை மேற்கொண்டு செய்த செயலின் நிறைவை, நிகழ்ச்சிகளின் போக்கு பறித்துவிட முடியுமா? இக்கேள்வியை வாசகரிடமே விட்டுவிடுகின்றோம்.

டாம் கிரீன் அயர்லாந்தின் கெரி மாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர். சிறு படகில் சுக்கான் பிடிக்கும்போதெல்லாம் அவர் ஏதோ பாடிக்கொண்டிருப்பாராம். அது என்ன பாட்டு என்று கடைசிவரை யாருக்கும் புரியவில்லை என ஷாக்கில்டன் எழுதியிருக்கின்றார். அதே நூலில் வேறொன்றையும் குறிப்பிடுகின்றார். மலைகளைக் கடந்த அந்த நெடுநடையில் தாங்கள் மூவரல்லர், நால்வர் என்றே தமக்குப் பலமுறை தோன்றியதாம். மற்ற இருவரும் அவ்வாறே உணர்ந்தனராம். அந்த நான்காமவர் யார் என்று நாம் விரைந்து பெயர் சூட்ட வேண்டியதில்லை. களைத்த மூளையின் மயக்கம் என்பார் சிலர். எம்மாவு வழியில் சென்ற இருவரை நினைப்போர் வேறு விதமாய் எண்ணுவர். ஒன்று மட்டும் தெரிகின்றது: எந்த நினைவுப் பயணத்தின் பொருள் பட்டியலிலும் அவரைச் சேர்க்க இயலாது. கிரீன் ஊர் திரும்பி, அன்னஸ்கால் என்னும் தம் சிற்றூரில் 'தென்துருவ விடுதி' என்ற பெயரில் ஒரு மதுக்கடை நடத்தினார். 1938-இல் இறக்கும்வரை தம் பயணங்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை.

நாம் இங்கே குறிப்பிட்ட நினைவுப் பயணங்கள் யாவும் படகையே தேர்ந்துகொண்டன. அது இயல்பு. படகு நகர்கின்றது, காத்திருப்போ ஓரிடத்தில் கிடக்கின்றது. எலிஃபண்ட் தீவில் எஞ்சியிருந்த இரு படகுகளையும் கற்சுவரின்மேல் கவிழ்த்து, அதனடியில் இருபத்திரண்டு பேரும் நான்கு மாதத்திற்கு மேல் வாழ்ந்தனர். சீலும் பென்குவினுமே உணவு. கொழுப்பு எரியும் புகையில் எல்லாரும் கரியாய்க் கறுத்தனர். பெர்ஸ் பிளாக்பரோ என்னும் இளைஞனின் பனியில் அழுகிய கால்விரல்களை, மருத்துவர் இருவர், அந்தப் புகை மண்டிய குடிலிலேயே மயக்கமருந்து கொடுத்து வெட்டியெடுத்தனர். மே போயிற்று, ஜூன் போயிற்று, ஜூலையும் போயிற்று. வைல்டு நாள்தோறும் காலையில் எல்லாரையும் எழுப்பி, படுக்கையைச் சுருட்டிக் கட்டி வைக்கச் சொல்வார். தலைவர் இன்று வரக்கூடும் என்பார். நூறாவது நாளும் அப்படியே சொன்னார். அதற்குப் பின்னும் சொன்னார்.

ஆகஸ்ட் 30 அன்று நண்பகல் உணவு பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தது. வெளியே நின்றிருந்த ஓவியர் மார்ஸ்டன் கப்பலொன்று தெரிவதாய்க் கூவினார். உள்ளே இருந்தவர்கள் உணவுக்கு அழைக்கிறார் என்றே முதலில் எண்ணினராம். 'யெல்ச்சோ'விலிருந்து தொலைநோக்கி வழியே ஷாக்கில்டன் கரையில் தெரிந்த உருவங்களை ஒன்று, இரண்டு என எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டும் இருந்தன. சிறு படகு கரையை நெருங்கியதும், எல்லாரும் நலமா என்று அவர் கேட்டார். நலமே என்று வைல்டு விடை சொன்னார். ஒரு மணி நேரத்திற்குள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்பட்டுவிட்டது. படுக்கைகள் அன்று காலையிலேயே சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன.